பதிவு முகவரும் மெய்நிகர் அலுவலகமும்

பதிவு முகவர் என்பவர், அமெரிக்க ஐக்கிய நாடுகளில் ஒரு நிறுவனத்தின் சார்பில் வழக்கு ஆவணங்களையும் அரசு அறிவிப்புகளையும் பெற்றுக்கொள்வதற்காக அமர்த்தப்படுபவர். இவருடைய பெயரும் முகவரியும் மாநில அரசின் பதிவேட்டில் இடம்பெறும். இப்பணியைத் தனி ஆளும் செய்யலாம், இதற்கெனவே இயங்கும் நிறுவனமும் செய்யலாம். மெய்நிகர் அலுவலகம் என்பது, முழு இடத்தை வாடகைக்கு எடுக்காமல், வணிக முகவரி, அஞ்சல் பெறுதல், தொலைபேசி அழைப்புகளை ஏற்றல், தேவைப்படும் நாளில் கூட்ட அறை ஆகியவற்றை மாதக் கட்டணத்தில் பெறும் சேவையாகும்.

சிறு தொழில் தொடங்குவோருக்கு இவ்விரண்டும் பெரும்பாலும் ஒரே தொகுப்பாக விற்கப்படுவதால், இரண்டும் ஒன்றே எனப் பலர் கருதுகின்றனர். முதலாவது சட்டம் விதிக்கும் கடமை. இரண்டாவது விரும்பினால் பெறும் வசதி. ஒன்றை வாங்கியதால் மற்றொன்றின் தேவை நிறைவேறிவிடாது. இந்த வேறுபாட்டைக் கவனிக்காத நிறுவனம், தன்மேல் வழக்கு தொடரப்பட்டதை அறியாமலே அவ்வழக்கில் தோற்க நேரிடலாம்.

பின்னணி

நிறுவனம் சட்டத்தின் பார்வையில் ஒரு தனி ஆள். அது சொத்து வாங்கலாம், ஒப்பந்தம் செய்யலாம், வழக்கு தொடரலாம், பிறர் அதன்மேல் வழக்கு தொடரலாம். ஆனால் அதற்கு உடல் இல்லை. மனிதர் ஒருவர் மீது வழக்கு தொடர்ந்தால் அழைப்பாணையை அவர் கையில் கொடுக்கலாம். நிறுவனத்தின் கை எது என்ற கேள்விக்கு விடையாகவே பதிவு முகவர் என்ற ஏற்பாடு உருவானது.

வழக்கின் எதிர்த்தரப்புக்கு முறையான அறிவிப்பு தரப்படவேண்டும் என்பது அமெரிக்க அரசியலமைப்பின் உரிய சட்டநடைமுறைக் கோட்பாட்டைச் சார்ந்தது. 1950-ஆம் ஆண்டு முல்லேன் வழக்கில், சூழ்நிலைக்கு ஏற்ப உரியவரைச் சென்றடையக்கூடிய முறையில் அறிவிப்பு இருக்கவேண்டும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் கூறியது. முகவரி தெரிந்தவர்களுக்கு நாளிதழ் விளம்பரம் மட்டும் போதாது என்பதும் அத்தீர்ப்பின் பகுதி. பதிவேட்டில் உள்ள முகவரிடம் ஆவணத்தைக் கொடுப்பது இந்தத் தேவையை நிறைவேற்றும் எளிய வழியாகும்.

நிறுவனச் சட்டம் அமெரிக்காவில் மாநிலங்களின் அதிகாரத்தில் உள்ளது. டெலவேர் மாநிலம் 1899-இல் தன் பொது நிறுவனச் சட்டத்தை இயற்றிய பிறகு, பிற மாநிலங்களில் தொழில் நடத்துவோரும் அங்கே நிறுவனங்களைப் பதிவு செய்தனர். அவர்களுக்கு அங்கே அலுவலகம் இல்லாததால், முகவர் பணியே ஒரு தனித் தொழிலாக வளர்ந்தது. டெலவேரின் வில்மிங்டன் நகரில், 1209 வடக்கு ஆரஞ்சு தெரு என்ற முகவரியில் உள்ள ஒற்றைக் கட்டடம் இதற்குப் பெயர்பெற்றது. 2012-இல் வெளிவந்த செய்தியின்படி, ஏறத்தாழ 2,85,000 நிறுவனங்களுக்கு அதுவே பதிவு முகவரியாக இருந்தது. அங்கே அந்த நிறுவனங்களின் ஊழியர்கள் இல்லை. அவற்றுக்காக ஆவணம் பெறும் முகவர் நிறுவனம் மட்டுமே உள்ளது.

பதிவு முகவரின் தகுதியும் பணியும்

டெலவேர் பொது நிறுவனச் சட்டத்தின் 131-ஆம் பிரிவு ஒவ்வொரு நிறுவனத்துக்கும் மாநிலத்துக்குள் ஒரு பதிவு அலுவலகமும், 132-ஆம் பிரிவு ஒரு பதிவு முகவரும் இருக்கவேண்டும் என்கின்றன. எல்எல்சி எனப்படும் வரையறுத்த பொறுப்பு நிறுவனங்களுக்கும் இதே போன்ற விதி உண்டு. மாநிலத்தில் வசிக்கும் தனி ஆள் முகவராகலாம். இப்பணியைச் செய்யும் வேறு நிறுவனமும் ஆகலாம். டெலவேரில் உண்மையான அலுவலகம் உள்ள நிறுவனம் தனக்குத் தானே முகவராக இருக்கவும் சட்டம் இடம் தருகிறது.

முகவரின் முதன்மைப் பணிகள்:

- வேலை நேரத்தில் குறிப்பிட்ட தெரு முகவரியில் இருந்து, நேரில் கொண்டுவரப்படும் வழக்கு ஆவணங்களைப் பெறுதல்
- அவற்றை நிறுவனத்தின் பொறுப்பாளருக்கு உடனே அனுப்புதல்
- ஆண்டு அறிக்கை, ஆண்டு வரி போன்றவை பற்றிய மாநில அரசின் அறிவிப்புகளைச் சேர்ப்பித்தல்

வழக்கில் வாதாடுவது, வரி கணக்கிடுவது, வாடிக்கையாளர் கடிதங்களைப் பெறுவது ஆகியவை முகவரின் சட்டப் பணிகள் அல்ல. கூடுதல் கட்டணத்துக்கு அவற்றில் சிலவற்றைச் செய்யும் நிறுவனங்கள் உண்டு. முகவர் சேவைக்கான கட்டணம் பொதுவாக ஆண்டுக்கு ஏறத்தாழ 50 முதல் 300 டாலர் வரை இருக்கும்.

உரிமையாளர் தாமே முகவராக இருந்தால் இக்கட்டணம் மிச்சமாகும். ஆனால் அவருடைய வீட்டு முகவரி எவரும் பார்க்கக்கூடிய பொதுப் பதிவாகிவிடும். வேலை நேரம் முழுவதும் அந்த முகவரியில் ஆள் இருக்கவேண்டும். கடையையே முகவரியாகக் காட்டினால், வாடிக்கையாளர் முன்னிலையில் அழைப்பாணை தரப்படும் சங்கடமும் நேரலாம்.

ஆவணம் கைசேராவிட்டால்

கூட்டாட்சி நீதிமன்றங்களின் உரிமையியல் நடைமுறை விதி 4, நிறுவனத்தின் பொறுப்பாளரிடமோ முகவரிடமோ ஆவணத்தைச் சேர்ப்பிக்கலாம் என்கிறது. சேர்ப்பித்த நாளிலிருந்து பொதுவாக 21 நாட்களுக்குள் மறுமொழி தாக்கல் செய்யவேண்டும். செய்யாவிட்டால் விதி 55-இன்படி வழக்கு தொடர்ந்தவர் ஒருதலைப்பட்சத் தீர்ப்பைக் கேட்கலாம். தமிழ்நாட்டு நீதிமன்றங்களில் எக்ஸ்பார்ட்டி என்று பேச்சுவழக்கில் சொல்லப்படுவதும் இதுவே.

இதில் சிறு நிறுவனத்துக்கு உள்ள ஆபத்து, 21 நாட்கள் எப்போது தொடங்குகின்றன என்பதில் உள்ளது. முகவரின் கையில் ஆவணம் சேர்ந்தால் நிறுவனத்தின் கையில் சேர்ந்ததாகச் சட்டம் கொள்ளும். முகவர் அனுப்பிய மின்னஞ்சல் பழைய முகவரிக்குப் போயிருந்தாலும் நாட்கள் ஓடிக்கொண்டிருக்கும். எடுத்துக்காட்டாக, இருவர் நடத்தும் ஒரு வடிவமைப்பு நிறுவனம் அலுவலகத்தைக் காலி செய்துவிட்டு வீட்டிலிருந்து வேலை செய்யத் தொடங்குகிறது எனக் கொள்வோம். வாடிக்கையாளர்களுக்குப் புதிய மெய்நிகர் முகவரி தெரிவிக்கப்படுகிறது. முகவருக்குத் தெரிவிக்கப்படவில்லை. பிறகு ஒரு வழக்கு வந்தால், முகவர் அதைப் பழைய அலுவலகத்துக்கு அனுப்புவார். நிறுவனத்துக்குச் செய்தி தெரிவது வங்கிக் கணக்கு முடக்கப்படும் நாளாகவும் இருக்கலாம். அந்த வழக்கில் நிறுவனத்தின் பக்கம் நியாயம் இருந்திருந்தாலும் அதைச் சொல்லும் வாய்ப்பு முதலில் கைநழுவிவிடுகிறது.

நியூயார்க் மாநிலத்தின் முறை சற்று வேறுபட்டது. அங்கே மாநிலச் செயலாளரே எல்லா நிறுவனங்களுக்கும் வழக்கு ஆவணம் பெறும் முகவர். தனி முகவரை அமர்த்துவது நிறுவனத்தின் விருப்பம். மாநிலச் செயலாளரிடம் ஆவணம் கொடுக்கப்பட்டதும் சேர்ப்பித்தல் முழுமை பெறுகிறது. அவர் அதன் படியை நிறுவனம் பதிவேட்டில் கொடுத்துள்ள முகவரிக்கு அஞ்சலில் அனுப்புவார். நிறுவனம் இடம் மாறிப் பதிவேட்டைத் திருத்தாவிட்டால் கடிதம் உரியவரைச் சேராது.

இவ்வாறு பாதிக்கப்பட்டவருக்கு ஒரு நிவாரணம் உண்டு. தற்காத்துக்கொள்ளப் போதிய காலத்தில் அறிவிப்பு தமக்கு நேரில் கிடைக்கவில்லை என்பதையும், வழக்கில் தம் பக்கம் ஏற்கத்தக்க எதிர்வாதம் உள்ளது என்பதையும் காட்டினால், நியூயார்க் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 317-ஆம் பிரிவின்கீழ் வழக்கை மீண்டும் திறக்கக் கேட்கலாம். தீர்ப்பை அறிந்த ஓராண்டுக்குள் கேட்கவேண்டும். தீர்ப்பு பதிவாகி ஐந்து ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது. முகவரியைத் திருத்தத் தவறியது மட்டுமே இந்த நிவாரணத்தை மறுக்கக் காரணமாகாது என்று அம்மாநிலத்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம் 1986-இல், டி லொரென்சோ எதிர் டட்டன் லம்பர் வழக்கில் கூறியது. ஆனால் இதற்குள் வழக்கறிஞர் செலவும் காலமும் போய்விடுகின்றன.

முகவர் விலகிக்கொள்வது மற்றொரு ஆபத்து. கட்டணம் செலுத்தப்படாதபோது முகவர்கள் முறைப்படி விலகுவது வழக்கம். டெலவேரில் முகவர் விலகல் அறிக்கை தாக்கல் செய்த 30 நாட்களுக்குள் நிறுவனம் புதிய முகவரை அமர்த்தவேண்டும். தவறினால் அதன் பதிவே பறிபோகும். அதன் பிறகு வரும் வழக்கு ஆவணங்கள் மாநிலச் செயலாளரிடம் கொடுக்கப்படலாம். சிறிய ஆண்டுக் கட்டணம் ஒன்றைத் தவறவிடுவதால் நிறுவனத்தின் இருப்பே கேள்விக்குள்ளாவது இப்படித்தான்.

மெய்நிகர் அலுவலகம்

மெய்நிகர் அலுவலகத்தில் கிடைக்கும் சேவைகள் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுபடும். முகவரி, கடிதங்களைப் பெற்று வருடி மின்னஞ்சலில் அனுப்புதல், பொதிகளை மறு முகவரிக்கு அனுப்புதல், வரவேற்பாளர் ஒருவர் தொலைபேசியை எடுத்து நிறுவனத்தின் பெயரைச் சொல்லிப் பேசுதல், மணிக்கணக்கில் கூட்ட அறை ஆகியவை பொதுவானவை. 1989-இல் பிரசல்ஸ் நகரில் தொடங்கிய ரீகஸ் போன்ற அலுவலக வாடகை நிறுவனங்கள் இச்சேவையைப் பல நாடுகளில் வழங்குகின்றன. வீட்டிலிருந்து வேலை செய்யும் ஒருவருக்கு வீட்டு முகவரியை வெளியிடாமல் தொழில் நடத்தவும், அஞ்சலை ஒழுங்காகப் பெறவும் இது பயன்படுகிறது.

பிறர் சார்பில் அஞ்சல் பெறும் வணிக நிலையங்களை அமெரிக்க அஞ்சல் துறை ஒழுங்குபடுத்துகிறது. அத்தகைய முகவரியில் அஞ்சல் பெற விரும்புபவர் படிவம் 1583-ஐ நிரப்பி, இரண்டு அடையாளச் சான்றுகளைக் காட்டவேண்டும். கையொப்பம் நோட்டரி முன்னிலையிலோ அந்த நிலையத்தின் பொறுப்பாளர் முன்னிலையிலோ உறுதி செய்யப்படும். எனவே சட்டப்படி நடக்கும் மெய்நிகர் அலுவலகத்தில் பெயர் தெரியாதவராக இருந்து முகவரி பெற முடியாது.

இந்த முகவரி பதிவு அலுவலகமாகுமா என்பது மாநிலச் சட்டத்தைப் பொறுத்தது. டெக்சாஸ் மாநிலத்தின் வணிக அமைப்புகள் சட்டம், பதிவு அலுவலகம் என்பது முகவரிடம் நேரில் ஆவணம் தரக்கூடிய தெரு முகவரியாக இருக்கவேண்டும் என்றும், வெறும் அஞ்சல்பெட்டிச் சேவையாகவோ தொலைபேசி ஏற்பு சேவையாகவோ மட்டும் இருக்கக் கூடாது என்றும் கூறுகிறது. ஆகவே மெய்நிகர் அலுவலக நிறுவனம் அம்மாநிலத்தில் முகவர் பணியையும் முறைப்படி ஏற்றுக்கொண்டிருந்தால்தான் அதன் முகவரி இதற்குப் பயன்படும்.

எந்த முகவரி எதற்கு

ஒரு சிறு நிறுவனத்துக்குப் பொதுவாக நான்கு வகை முகவரிகள் இருக்கலாம்.

1. பதிவு அலுவலக முகவரி: வழக்கு ஆவணம் பெறுவதற்கானது. பெரும்பாலும் முகவரின் முகவரி.
2. முதன்மை வணிக இடம்: தொழில் உண்மையில் நடத்தப்படும் இடம். வரி, உள்ளூர் உரிமம் ஆகியவை இதைச் சார்ந்தவை.
3. அஞ்சல் முகவரி: வாடிக்கையாளர், வங்கி, வழங்குநர் ஆகியோரின் கடிதங்களுக்கானது. மெய்நிகர் அலுவலகம் இதற்கு ஏற்றது.
4. உரிமையாளரின் வீட்டு முகவரி: தனி வரிக்கும் அடையாளச் சான்றுக்கும் உரியது.

நான்கும் ஒரே முகவரியாக இருக்கவும் கூடும். சிக்கல் எழுவது ஒன்றைக் கேட்கும் இடத்தில் மற்றொன்றைக் கொடுக்கும்போதுதான். கணக்கு தொடங்கும் நிறுவனத்தின் முதன்மை வணிக இடம், உள்ளூர் அலுவலகம் அல்லது வேறு உண்மையான இருப்பிடத்தை வங்கி கேட்டுப் பெறவேண்டும் என்பது கூட்டாட்சி விதி. முகவரின் முகவரியை மட்டும் கொடுத்த விண்ணப்பங்கள் இதனால் நிராகரிக்கப்படுவதுண்டு. கூகுள் வரைபடத்தில் வணிகப் பக்கம் தொடங்குவதற்கும், வேலை நேரத்தில் தன் ஊழியர் இல்லாத மெய்நிகர் முகவரி ஏற்கப்படுவதில்லை.

பிற மாநிலங்களில் தொழில்

டெலவேரில் பதிவு செய்தால் வரி குறையும் என்ற எண்ணம் பரவலாக உள்ளது. சிறு தொழில்களுக்கு இது பெரும்பாலும் பொருந்தாது. தொழில் நடக்கும் மாநிலமும் தன் பங்கைக் கேட்கும். கலிபோர்னியாவில் வாழ்ந்து அங்கேயே தொழில் நடத்தும் ஒருவர் டெலவேரில் எல்எல்சி தொடங்கினால், டெலவேருக்கு ஆண்டு வரி 300 டாலர் செலுத்தவேண்டும். கலிபோர்னியாவில் வெளிமாநில நிறுவனமாகப் பதிவு செய்து, அங்கேயும் ஒரு முகவரை அமர்த்தி, பொதுவாக ஆண்டுக்குக் குறைந்தது 800 டாலர் வரி செலுத்தவேண்டும். இரண்டு மாநிலம், இரண்டு முகவர், இரண்டு வரி என்றாகிவிடுகிறது. மெய்நிகர் முகவரி வாங்குவதால் தொழில் நடக்கும் இடம் மாறுவதில்லை.

வெளிமாநிலப் பதிவு நீதிமன்ற அதிகாரத்தையும் பாதிக்கக்கூடும். பென்சில்வேனியாவில் பதிவு செய்த வெளிமாநில நிறுவனம் எந்த வழக்குக்கும் அங்குள்ள நீதிமன்றத்துக்கு உட்படும் என்ற அம்மாநிலச் சட்டம் அரசியலமைப்புக்கு முரணானது அல்ல என்று, மலோரி எதிர் நார்ஃபோக் சதர்ன் இரயில்வே வழக்கில் உச்ச நீதிமன்றம் 2023-இல் தீர்ப்பளித்தது. எல்லா மாநிலங்களிலும் இத்தகைய சட்டம் இல்லை.

வெளிநாட்டு உரிமையாளர்கள்

அமெரிக்காவில் வசிக்காதவரும் அங்கே நிறுவனம் தொடங்கலாம். இந்தியாவில் தொடங்கிய மென்பொருள் நிறுவனங்கள் சில, முதலீட்டாளர்களின் விருப்பத்தை ஒட்டி டெலவேரில் தாய்நிறுவனத்தைப் பதிவு செய்துள்ளன. 2010-இல் சென்னையில் தொடங்கி, 2021-இல் நாஸ்டாக் பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்ட ஃபிரெஷ்வொர்க்ஸ் டெலவேர் சட்டப்படி அமைந்த நிறுவனமாகும்.

வெளிநாட்டிலிருந்து தனியாகத் தொழில் செய்வோருக்கு முகவர், முகவரி, பதிவு ஆகிய மூன்றையும் சேர்த்துத் தரும் தொகுப்புகள் இணையத்தில் விற்கப்படுகின்றன. இவற்றை வாங்கியதோடு கடமை முடிவதில்லை. வெளிநாட்டவர் ஒருவரே முழு உரிமையாளராக உள்ள எல்எல்சி, உரிமையாளருக்கும் நிறுவனத்துக்கும் இடையே பணப் பரிமாற்றம் நடந்த ஆண்டுக்குப் படிவம் 5472-ஐக் கூட்டாட்சி வரித்துறையிடம் தாக்கல் செய்யவேண்டும். அந்த ஆண்டில் வருமானம் இல்லை என்றாலும் முதலீடாகப் போட்ட பணம் பரிமாற்றமாகக் கொள்ளப்படும். தவறினால் அபராதம் 25,000 டாலர். இதை நினைவூட்டுவது பதிவு முகவரின் கடமை அல்ல. இந்தியாவில் வசிப்பவர் என்றால் 2022-ஆம் ஆண்டின் வெளிநாட்டு முதலீட்டு விதிகளையும் பின்பற்றவேண்டும்.

பிற நாடுகளில்

இந்தியாவில் உள்நாட்டு நிறுவனங்களுக்குப் பதிவு முகவர் என்ற முறை இல்லை. 2013-ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டம் 12-ஆம் பிரிவின்படி, பதிவான 30 நாட்களுக்குள் கடிதங்களையும் அறிவிப்புகளையும் பெற்று ஒப்புகை தரக்கூடிய பதிவு அலுவலகம் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் இருக்கவேண்டும். பெயரும் முகவரியும் வெளியே தெரியும்படி எழுதப்படவேண்டும். அவ்வட்டாரத்தில் வழங்கும் மொழியின் எழுத்துகளிலும் அவை இருக்கவேண்டும். எனவே தமிழ்நாட்டில் பெயர்ப்பலகையில் தமிழும் இடம்பெறவேண்டும். நிறுவனம் உண்மையில் தொழில் நடத்தவில்லை என்று கருதக் காரணம் இருந்தால், நிறுவனப் பதிவாளர் அந்த இடத்தை நேரில் சரிபார்க்கலாம். இந்தியாவில் தொழில் நடத்தும் வெளிநாட்டு நிறுவனங்கள் மட்டும், 380-ஆம் பிரிவின்படி, வழக்கு ஆவணம் பெறுவதற்கு இந்தியாவில் வசிக்கும் ஒருவரின் பெயரையும் முகவரியையும் பதிவு செய்யவேண்டும். அமெரிக்கப் பதிவு முகவருக்கு மிக நெருக்கமான இந்திய ஏற்பாடு இதுவே.

ஐக்கிய இராச்சியத்தில் 2024 மார்ச் 4 முதல், பதிவு அலுவலகம் தகுந்த முகவரியாக இருக்கவேண்டும். அங்கே கொடுக்கப்படும் ஆவணம் நிறுவனத்தின் சார்பில் செயல்படும் ஒருவரின் கவனத்துக்கு வரவேண்டும். பெற்றதற்கான பதிவும் இருக்கவேண்டும். அஞ்சல்பெட்டி எண்ணை மட்டும் பதிவு முகவரியாகத் தரமுடியாது.

சேவையைத் தெரிவு செய்தல்

முகவரைத் தெரிவு செய்யும்போது விலையைவிட முதன்மையாகக் கவனிக்கவேண்டியவை சில உள்ளன:

- தேவையான மாநிலத்தில் உண்மையான தெரு முகவரியும் வேலை நேரத்தில் ஆளும் உள்ளதா
- வழக்கு ஆவணம் வந்தால் அதே நாளில் தெரிவிக்கப்படுமா. ஒன்றுக்கு மேற்பட்டோருக்குத் தெரிவிக்கும் வசதி உண்டா
- முதல் ஆண்டுக்குப் பிறகு கட்டணம் எவ்வளவு. புதுப்பிக்காவிட்டால் எப்போது விலகுவர்
- முகவரை மாற்றவேண்டுமானால் மாநில அரசுக்கான படிவமும் கட்டணமும் யார் பொறுப்பு

முகவரை மாற்றுவது எளிது. மாநிலச் செயலாளரிடம் மாற்றப் படிவத்தைத் தாக்கல் செய்து கட்டணம் செலுத்தினால் போதும். புதியவர் பெயர் பதிவேட்டில் ஏறிய பிறகே பழையவரின் சேவையை நிறுத்துவது பாதுகாப்பானது.

நிறுவனப் பதிவேடு பொது ஆவணம் என்பதால், புதிய நிறுவனங்களுக்கு அரசு அறிவிப்பு போலத் தோன்றும் விளம்பரக் கடிதங்கள் வருவது வழக்கம். சான்றிதழ் பெற, சுவரொட்டி வாங்க, பதிவைப் புதுப்பிக்க எனப் பணம் கேட்கும் கடிதத்தை மாநில அரசின் அதிகாரப்பூர்வ இணையதளத்தோடு ஒப்பிட்டுப் பார்த்த பின்பே செலுத்தவேண்டும்.

சேவை எதுவானாலும் முகவரைப் பெறுவதோடு பொறுப்பு முடிவதில்லை. அவர் யாரிடம் செய்தி சேர்க்கவேண்டும் என்பதைப் புதுப்பித்து வைத்திருப்பது நிறுவனத்தின் கடமை. இடம், தொலைபேசி எண், மின்னஞ்சல், பொறுப்பாளர் ஆகியவற்றுள் எது மாறினாலும் முகவர், மாநிலப் பதிவேடு, வரித்துறை, வங்கி ஆகிய நான்கு இடங்களிலும் அன்றே திருத்திவிட்டால், ஆவணம் கைசேராமல் போகும் ஆபத்து பெருமளவு நீங்கும்.